ஒரே லினோ கட்டையில் மூன்று நிற அரூப அச்சு: முழுமையான வழிகாட்டி

லினோ அச்சு என்பது லினோலியம் விரிப்பைச் செதுக்கி, மையிட்டு எடுக்கும் அச்சு. 1958-ல் ஜெர்மன் ஓவியர் கிரானாக்கின் ஓவியத்தைத் தழுவி பிக்காசோ செய்த பெண்ணுருவ லினோ அச்சுக்கு நிறத்துக்கு ஒரு கட்டை வெட்ட வேண்டியிருந்தது. அத்தனை கட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார வைப்பது பெரும்பாடு. அதன்பின் தென் பிரான்சின் வலோரிஸில், அச்சகர் இடால்கோ அர்னேராவோடு சேர்ந்து, அவர் ஒற்றைக் கட்டை முறைக்கு வந்தார். ஒரு நிறத்தை அச்சிடுவது, அதே கட்டையை மேலும் செதுக்குவது, அடுத்த நிறத்தை முந்தையதன் மேலேயே அச்சிடுவது. கீழே வருவது அந்த முறைதான். அதை அரூப வடிவங்களுக்குப் பயன்படுத்துகிறோம்.

இந்த முறையில் திரும்பிப் போக வழி இல்லை. செதுக்கிய இடம் செதுக்கியதுதான். ஆகவே இங்கே கைத்திறமையைவிட வரிசை முக்கியம். அரூபத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. முகமோ மரமோ இருந்தால் சின்ன விலகலைக் கண் கடந்துபோகும். வெறும் விளிம்பும் பரப்பும் நிறமும் மட்டுமே இருக்கும்போது ஒரு மில்லிமீட்டர் பிசகும் உடனே தெரியும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே அளவை வைத்துக்கொள்வோம்: கட்டை 20 × 25 செ.மீ., தாள் 30 × 38 செ.மீ., நிறங்கள் மஞ்சள் காவி, செங்கல் சிவப்பு, நீலம் கலந்த கறுப்பு. தாளின் வெள்ளை நான்காவது நிறம்.

1. வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

லினோலியம் என்று கேட்டால் பல கடைகளில் பி.வி.சி. தரைவிரிப்பைத்தான் எடுத்துத் தருவார்கள். அது வேலைக்கு ஆகாது. உண்மையான லினோலியம் ஆளிவிதை எண்ணெய், தக்கைத் தூள், பிசின் ஆகியவற்றால் ஆனது; பின்புறம் சணல் துணி இருக்கும். திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். முகர்ந்தால் எண்ணெய் வாசம் வரும். 3.2 மி.மீ. கனமுள்ள சாம்பல் நிற லினோ போதும். ஓரத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது பழசு, உளி பட்டதும் விளிம்பு பெயர்ந்து வரும்.

உளியில் மூன்று போதும்: ஒரு குறுகிய வி உளி, 3 மி.மீ. யு உளி, 8 முதல் 10 மி.மீ. அகல யு உளி. கூடவே தீட்டுகல்லும், ஒரு தோல் வாரும். பத்து உளி உள்ள மலிவான பெட்டியைவிட, கூர் நிற்கும் மூன்று உளி எவ்வளவோ மேல். மழுங்கிய உளிக்கு அதிக அழுத்தம் கொடுக்க வேண்டும். அழுத்தம் கூடினால் உளி வழுக்கும். காயங்களில் பெரும்பாலானவை அப்படி வருபவைதான்.

மை எண்ணெய் மையாக இருக்கட்டும். நீர் மை அச்சிட்டுக்கொண்டிருக்கும்போதே கட்டையில் உலர்ந்து, பெரிய பரப்பில் திட்டுத்திட்டாக விழும். ரப்பர் ரோலர் 10 செ.மீ. அகலம்; மை பரப்ப 30 × 40 செ.மீ. கண்ணாடி.

கையால் தேய்த்து எடுப்பதானால் கிராமேஜ் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை) 40 முதல் 70 வரையுள்ள, நார் நீண்ட மெல்லிய தாள் வேண்டும். கோசோ (ஒருவகை மல்பெரி மரம்) நாரில் செய்த ஜப்பானியத் தாள் இதற்கு மிகப் பொருத்தம். 200 கிராம் ஓவியத் தாளைக் கரண்டியால் தேய்த்துக் கை வலிக்கச் செய்தும் பரப்பு நிறையாது. அதற்கு அச்சு இயந்திரம்தான் வேண்டும்.

2. கட்டையைப் பலகையில் ஒட்டுங்கள்

லினோவை அதே அளவுள்ள 3 மி.மீ. எம்.டி.எஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகையில் மரப்பசையால் ஒட்டி, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். தனி லினோ இழுபடும். செதுக்கச் செதுக்க இன்னும் தளரும். முதல் நிறத்துக்கும் மூன்றாம் நிறத்துக்கும் இடையே கட்டையின் அளவே லேசாக மாறிவிட்டால், பிறகு எந்தக் குறியை வைத்தும் பொருத்த முடியாது.

காய்ந்தபின் 400 எண் உப்புத்தாளால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். ஆலைப் பளபளப்பு போனால்தான் மை சீராகப் பிடிக்கும்.

3. வரைபடம்: கத்தரித்த காகிதத்தில் தொடங்குங்கள்

பென்சிலால் கோடு கோடாக வரைந்து தொடங்குபவர்கள் லினோவில் திணறுவார்கள். லினோ கொடுப்பது விளிம்பு உள்ள பரப்பை. ஆகவே வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்புக் காகிதங்களைக் கத்தரித்து, 20 × 25 செ.மீ. தாளில் நகர்த்தி நகர்த்தி அடுக்குங்கள். அடுக்கும் வரிசையும் அச்சின் வரிசையாகவே இருக்கட்டும்: வெள்ளைமேல் மஞ்சள், மஞ்சள்மேல் சிவப்பு, சிவப்புமேல் கறுப்பு. அச்சில் நடக்கப்போவது அப்படியே கண்முன் தெரியும்.

முடிந்ததும் அதைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். அரூபம்தானே, இடவலம் மாறினால் என்ன என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இடப்பக்கம் மேலே தொங்கும் கனமான கறுப்பு வடிவம் வலப்பக்கம் போனால் மொத்த எடையும் சரிந்துவிடும். நீங்கள் விரும்பும் தோற்றம் அச்சில் வர வேண்டுமானால் கட்டையில் திருப்பித்தான் வரைய வேண்டும்.

3 மி.மீ.க்குக் குறைந்த அகலத்தில் எந்த வடிவத்தையும் முதல் முயற்சியில் வைக்காதீர்கள். மூன்று சுற்றுச் செதுக்கலைத் தாங்கி அது நிற்காது.

4. பிரதிகளின் எண்ணிக்கையை இப்போதே முடிவு செய்யுங்கள்

இரண்டாம் நிறத்துக்குக் கட்டையைச் செதுக்கிய கணமே முதல் நிறத்தை இனி யாராலும் அச்சிட முடியாது. 12 நல்ல பிரதி வேண்டுமானால் 18 தாளில் தொடங்குங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்றிரண்டு கெடும்; நிறத்தைச் சரிபார்க்க ஒன்றிரண்டு வேண்டும். புதியவர்கள் நான்கு தாளில் மஞ்சளை அடித்துவிட்டுச் செதுக்கத் தொடங்குவார்கள். கடைசியில் கையில் மிஞ்சுவது ஒன்று, அதுவும் ஓரம் பிசகியது.

18 தாளையும் ஒரே கட்டிலிருந்து, நார் ஓட்டம் ஒரே திசையில் வருமாறு வெட்டுங்கள். தாள் ஈரம் குடித்தால் நாரின் குறுக்காகத்தான் அதிகம் விரியும். மெல்ல வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, நார் அந்த மடிப்புக்கு இணையாக ஓடுகிறது. பல நிற வேலையில் தாளை நனைத்து அச்சிட வேண்டாம். காயும்போது சுருங்கி அடுத்த நிறம் தப்பும். மழைநாளில் ஒரு நிறம், வெயில் காய்ந்த நாளில் அடுத்த நிறம் என்று அடித்தாலும் இதே தொல்லை வரும்.

5. ரிஜிஸ்டர் பலகை

ஒவ்வொரு நிறமும் தாளில் அதே இடத்தில் விழச் செய்வது இந்தப் பலகைதான். இதற்கு ஒரு மணி நேரம் செலவழியுங்கள். மிச்ச வேலை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

45 × 55 செ.மீ. அடிப்பலகை ஒன்றில், 6 மி.மீ. கனமும் 10 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு எம்.டி.எஃப் பட்டைகளை ‘ட’ எழுத்தின் மூலைபோல ஒட்டுங்கள். ஒன்று இடப்பக்கம், ஒன்று உங்கள் வயிற்றுப் பக்கம். கட்டை அந்த உள்மூலையில் இறுக்கமாக வந்து முட்டும். லினோ 3.2, பலகை 3, ஆகக் கட்டையின் உயரமும் பட்டையின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. தாளின் ஓரம் தொங்காமல் சமமாகப் படுக்கும்.

இனி தாளுக்கான தடுப்பு. தாளின் அகலம் 30, கட்டை 20. பக்கத்துக்கு 5 செ.மீ. வெள்ளை ஓரம். உயரத்தில் 38-லிருந்து 25 போக 13. மேலே 6, கீழே 7. கட்டையின் இட விளிம்பிலிருந்து 5 செ.மீ. தள்ளியும், கீழ் விளிம்பிலிருந்து 7 செ.மீ. தள்ளியும் பட்டைகளின் மேல் 2 மி.மீ. கனத்த அட்டைத் துண்டுகளை ஒட்டுங்கள். தாளின் ஒரு மூலை எப்போதும் அங்கேதான் முட்ட வேண்டும். 18 தாளின் பின்புறத்திலும் அந்த மூலையில் பென்சிலால் சிறு குறி போடுங்கள். கட்டையின் பின்னும் அப்படியே. மூலை மாறினால், கட்டையோ தாளோ துல்லியமான செங்கோணம் இல்லாத சிறு குறை பெரிதாகத் தெரியும்.

6. வரைபடத்தைக் கட்டைக்கு மாற்றுதல்

டிரேசிங் தாளில் எடுத்து, திருப்பிப் போட்டு, கார்பன் வைத்து அழுத்துங்கள். பிறகு எல்லாக் கோடுகளையும் இந்தியன் இங்க்கால் உறுதி செய்யுங்கள். வரைபடம் மூன்று நிறம் வரை அழியாமல் இருக்க வேண்டும்.

மார்க்கர் பேனா வேண்டாம். பல மார்க்கர்களின் சாயம் எண்ணெய் மையில் கரைந்து மேலேறும். மஞ்சள் பரப்பின் நடுவே ஊதாக் கோடுகள் முளைக்கும். இந்தியன் இங்க் மண்ணெண்ணெய்க்கு அசையாது. ஆனால் ஸ்பிரிட் அதைக் கரைத்துவிடும். ஆகவே இந்தக் கட்டத்துக்குப் பிறகு கட்டையை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது.

7. முதல் செதுக்கல்: வெள்ளை மட்டும்

எந்த இடம் கடைசிவரை தாளின் வெள்ளையாக இருக்க வேண்டுமோ அதை மட்டும் இப்போது எடுங்கள். அந்த இடங்களில் பென்சிலால் ‘1’ என்று எழுதிக்கொள்வது நல்லது. அடுத்தடுத்து வரும் இடங்களுக்கு ‘2’, ‘3’. எண் இல்லாமல் தொடங்கினால் அரை மணி நேரத்தில் கை தன்போக்கில் கறுப்புக்கு உரிய இடத்தையும் தோண்டிவிடும்.

கட்டையை வெயிலில் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். சூடு ஏறிய லினோ இறுகிய நெய்யைப் போல வெட்டுப்படும். இரண்டு கையும் எப்போதும் உளியின் கூருக்குப் பின்னால் இருக்கட்டும். மேசை ஓரத்தில் தடுப்புப் பலகை ஒன்றைப் பொருத்தி, கட்டையை அதில் முட்டவைத்துச் செதுக்கினால் பிடித்துக்கொள்ளும் கை முன்னால் போகாது.

முதலில் வி உளியால் வடிவத்தின் விளிம்பைச் சுற்றி வாருங்கள். பிறகு யு உளியால் உள்ளே எடுங்கள். விளிம்பை முன்பே பிரித்துவிட்டால் அகல உளி கட்டுமீறி ஓடினாலும் அந்தப் பள்ளத்தில் நின்றுவிடும். வளைவில் உளியைத் திருப்பாமல் கட்டையைச் சுழற்றுங்கள்.

விளிம்பின் சுவர் வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்க வேண்டும், மலையடிவாரம் போல. உட்பக்கமாகக் குடைந்துவிட்டால் விளிம்புக்கு அடியில் தாங்கல் இருக்காது. நான்காவது ஐந்தாவது பிரதியில் பெயர்ந்துவிடும். ஆழம் 1 முதல் 1.5 மி.மீ.; 5 செ.மீ.க்கு மேல் அகலமான வெள்ளைப் பரப்பில் 2 மி.மீ. வரை போகலாம், ரோலர் அங்கே தாழ்ந்து தொடும் என்பதால். சணல் தெரியும்வரை போகக் கூடாது. சணல் நார் மையைக் குடித்துக் கறையாக விழும்.

பெரிய வெள்ளையில் உளி விட்டுச்சென்ற மேடுகள் மெல்லிய கீற்றுகளாக அச்சில் வரும். வைத்துக்கொள்வதா எடுப்பதா என்பது உங்கள் முடிவு. ஆனால் முடிவாக இருக்கட்டும். வைத்தால் கீற்றுகள் வடிவத்தின் ஓட்டத்தோடு போகுமாறு செதுக்குங்கள். பல திசையில் சிதறிக் கிடந்தால் சுத்தம் செய்ய மறந்ததுபோல் தெரியும்.

8. மஞ்சள்

நெல்லிக்காய் அளவு மையைக் கண்ணாடியில் வைத்து பேலட் கத்தியால் நன்றாகப் பிசையுங்கள். கத்தியைத் தூக்கும்போது குட்டையான இழை எழுந்து அறுந்தால் சரி. தாளின் நாரைப் பிய்க்கும் அளவுக்குப் பிசுக்கு இருந்தால் இரண்டு சொட்டு ஆளிவிதை எண்ணெய்.

ரோலரை ஓட்டும்போது காதைக் கொடுங்கள். பட்டுத்துணி உரசுவதுபோல் மெல்லிய ‘ஸ்ஸ்’ என்று கேட்க வேண்டும். ‘சளப் சளப்’ என்று ஒட்டிப் பிரிந்தால் மை அதிகம். பார்த்தால் ஆரஞ்சுத் தோல்போல மேடுபள்ளம் தெரியும். ஒரே அடியாகப் பூசாமல், மெல்லிய படலமாக நான்கைந்து முறை, திசை மாற்றி மாற்றி ஏற்றுங்கள். முதல் நிறத்தைத் தடிமனாகப் பூசுவதுதான் இந்த முறையில் மிகப் பரவலான தவறு. பலன் அப்போது தெரியாது. மூன்றாம் நிறத்தில் தெரியும்: மை ஏறாது, பளபளக்கும், வாரக் கணக்கில் கையில் ஒட்டும்.

மையிட்ட கட்டையை மூலையில் முட்டவைத்து, தாளின் குறியிட்ட மூலையை அட்டைத் தடுப்பில் பொருத்தி, மறுமுனையை மெல்ல இறக்குங்கள். தொட்டபின் நகர்த்தக் கூடாது. நடுவிலிருந்து வெளிநோக்கி உள்ளங்கையால் ஒருமுறை, பிறகு மரக்கரண்டியின் முதுகால் சிறு வட்டங்களாகத் தேய்த்து வாருங்கள். மெல்லிய தாளில் பின்பக்கமே நிறம் ஊறித் தெரியும். வெளிறிய இடத்தை மறுபடி தேய்க்கலாம். ஒரு கையால் தாளை அழுத்திக்கொண்டு எதிர் மூலையைத் தூக்கிப் பாருங்கள். போதவில்லை என்றால் திரும்பப் படுக்கவைத்துத் தேய்க்கலாம்.

முதல் இரண்டு மூன்று பதிவுகளை செய்தித்தாளில் எடுங்கள். புதுக் கட்டை மை குடிக்கும். அவை வெளிறித்தான் வரும். பிறகு 18 தாளையும் ஒரே மூச்சில் முடியுங்கள். மறுநாள் கலக்கும் மஞ்சள் இதே மஞ்சளாக இருக்காது.

கட்டையைச் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பிறகு சிறிது மண்ணெண்ணெய். தண்ணீரும் சோப்பும் வேண்டாம். சணல் ஊறும், காரம் உள்ள சோப்பு லினோவின் எண்ணெயையே சிதைக்கும்.

9. காத்திருப்பும் சிவப்பும்

பிரதிகளைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும். காற்றில் ஈரம் அதிகமானால் இன்னும் கூடும். விரல் வைத்தால் ஒட்டக் கூடாது. ஆனால் வாரக் கணக்கில் விட்டுவிடுவதும் தவறு, குறிப்பாக உலர்த்தி சேர்த்த மையானால். மேற்பரப்பு கண்ணாடிபோல இறுகி, அடுத்த மையை ஏற்காமல் திரட்டிவிடும்.

இப்போது ‘2’ என்று குறித்த, மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களைச் செதுக்குங்கள். பலரும் தலைகீழாக நினைப்பது இங்கேதான்: “அடுத்தது சிவப்பு, ஆகவே சிவப்பை வெட்டுகிறேன்” என்று. வெட்டுவது அடுத்து வரும் நிறத்தை அல்ல. ஏற்கெனவே தாளில் உள்ளதில் எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதை.

சிவப்பு மஞ்சளின்மேல் விழுவதால் டப்பாவில் பார்க்கும் சிவப்பாக இருக்காது. ஆரஞ்சுப் பக்கம் சாயும். ஒரு மஞ்சள் பிரதியின் மூலையில் துளி மையை விரல் நுனியால் தட்டித் தட்டி மெலிதாக்கிப் பாருங்கள். அச்சில் வரும் நிறம் அதுதான். அடிநிறத்தை அதிகம் மறைக்க வேண்டுமானால் சிறிது வெள்ளை சேர்க்கலாம். நடுவில் சிவப்புக்குப் பதிலாக நீலம் வைத்தால் பச்சை வரும். அது வேண்டும் என்றால் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

10. சொரசொரப்பு வேண்டுமானால் இப்போதுதான்

கறுப்பு சில இடங்களில் முழுதாக விழாமல், அடியிலுள்ள சிவப்பு புள்ளிபுள்ளியாகத் தெரிய வேண்டுமானால் லினோவைக் காஸ்டிக் சோடாவால் அரிக்கலாம். கடைசி நிறத்துக்கு முன் மட்டும். அரிப்பில் வரைபடம் போய்விடும், கட்டையும் நனையும். ஆகவே ‘3’ என்று குறித்த, சிவப்பாக நிற்க வேண்டிய இடங்களை முதலில் செதுக்கி முடித்துவிடுங்கள். பி.வி.சி.யில் இது வேலை செய்யாது. காரம் தாக்குவது ஆளிவிதை எண்ணெயைத்தான்.

ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, திறந்த சன்னல் மூன்றும் கட்டாயம். 100 மி.லி. குளிர்ந்த நீரில் 25 கிராம் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் பாத்திரம் எடுங்கள். அலுமினியத்தைக் காரம் தின்றுவிடும். நைலான் தூரிகை எடுங்கள், மயிர்த்தூரிகை கரைந்துபோகும். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

அரிக்கக் கூடாத இடங்களை உருக்கிய மெழுகால் மூடி, வால்பேப்பர் பசை கலந்து கெட்டியாக்கிய கரைசலை மற்ற இடங்களில் பூசுங்கள். அரை மணி நேரத்தில் லேசான மணற்தன்மை வரும். சில மணி நேரம் விட்டால் ஆழமான குழிகள். ஒரு துண்டு லினோவில் முன்பே சோதித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கழுவி, மென்மையான பிரஷால் தேய்த்து, மெழுகைச் சுரண்டி எடுத்து, பாரத்தின் அடியில் முழுதாகக் காயவையுங்கள்.

ஆபத்து இல்லாமல் சொரசொரப்பு வேண்டுவோர் கம்பிப் பிரஷால் கீறலாம். இங்கிலாந்தின் கிரேட் பார்ட்ஃபீல்டில் அச்சுக் கலைஞர் மைக்கேல் ராதன்ஸ்டைன் லினோவோடு பழைய மரத்துண்டுகளையும் சேர்த்து அச்சிட்டார். மரத்தின் ரேகைகளே பரப்பாகிவிடும். அப்படிச் செய்தால் மரத்தின் உயரமும் 6 மி.மீ.யாகவே இருக்க வேண்டும்.

11. கறுப்பு

அரிக்காவிட்டாலும், ‘3’ என்று குறித்த, சிவப்பாக நிற்க வேண்டிய இடங்களை முதலில் செதுக்கிவிடுங்கள். கட்டையில் இப்போது மிச்சம் இருப்பது கறுப்புக்குரிய தீவுகள் மட்டும். தீவுகள் சிறியவை என்பதால் ரோலர் இடையில் தாழ்ந்து பள்ளத்தைத் தொடும். அழுத்தாமல், ரோலரின் சொந்த எடையிலேயே ஓட்டுங்கள். பள்ளத்தில் பட்ட மையை ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்துவிட்டுத் தாளை வையுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பட்டால் அந்த மேட்டை அகல உளியால் இறக்கிவிடுங்கள்.

கறுப்புக்கு மட்டும் மை சற்றுத் தளர்வாக இருக்கட்டும், இன்னொரு சொட்டு எண்ணெய். அடியில் இரண்டு படலம் இருக்கும் பரப்பில் இறுகிய மை பிடிக்காது.

12. பிரதியைப் பார்த்துக் காரணம் கண்டறிதல்

வடிவத்தின் ஒரு பக்கம் மட்டும் எல்லாப் பிரதியிலும் ஒரே அளவில் கீற்றாக அடிநிறம் தெரிந்தால் தடுப்பு நகர்ந்திருக்கிறது. அட்டைத் துண்டைச் சரிசெய்தால் போதும். பிரதிக்குப் பிரதி வெவ்வேறு பக்கம் தெரிந்தால் தாள் வைக்கும் கையில் பிழை. தடுப்பு உள்ள கீழ்ப்பக்கம் சரியாகவும் மேலே விலகியும் இருந்தால் தாள் விரிந்திருக்கிறது. தாள்களையும் கட்டையையும் ஒரே அறையில் ஒருநாள் வைத்துவிட்டு அச்சிடுங்கள்.

பரப்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்தால் மை குறைவு அல்லது அழுத்தம் குறைவு. எதுவென்று அறிய, மையைக் கூட்டாமல் ஒரு தாளை இரட்டிப்பு நேரம் தேய்த்துப் பாருங்கள். நிறைந்தால் அழுத்தம்தான் குறை. வடிவத்தைச் சுற்றி இருண்ட கரை பிதுங்கினால் மை அதிகம். ஒரே இடத்தில் வெள்ளை வட்டமும் நடுவில் புள்ளியும் வந்தால் தூசி. உளியின் துகள் கட்டையிலோ மையிலோ கிடக்கிறது.

கறுப்பு காய ஒரு வாரம் கொடுங்கள். அதுவரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டாம். பிறகு மூன்று நிறமும் விழுந்த பிரதிகளைத் தரையில் பரப்பி, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் 12-ஐ எடுத்து, அச்சின் கீழ் ஓரத்தில் பென்சிலால் 1/12 முதல் 12/12 வரை எண்ணும் கையெழுத்தும் இடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். மஞ்சளோடும் சிவப்போடும் நின்றுபோன கெட்ட பிரதிகளைக் கிழித்துப் போடாமல் எந்த நிறம், எந்த மைக் கலவை, எத்தனை நாள் உலர்த்தியது என்று பின்புறம் எழுதி வையுங்கள். கட்டையில் இனி அந்த நிலைகள் இல்லை. அடுத்த வேலையைத் திட்டமிடும்போது எடுத்துப் பார்க்க இருப்பவை அந்தத் தாள்கள் மட்டுமே.